மலைமேல் பள்ளியும் அடிவாரத்து டென்னிஸ் பந்தும்

ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளியில் படித்த ரோஜர் பின்னி, 1983 உலகக் கோப்பையில் 18 விக்கெட் எடுத்தார். அந்தத் தொடரில் வேறு யாரும் அவ்வளவு எடுக்கவில்லை. அந்த மலையிலிருந்து இறங்கி, சேலம் நகரைக் கடந்து மேற்கே போனால் எடப்பாடி வட்டாரத்தில் சின்னப்பம்பட்டி வரும். அந்த ஊர்க்காரர் த. நடராஜன், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேன் காபா மைதானத்தில் இந்தியாவின் 300வது டெஸ்ட் வீரராகத் தொப்பி வாங்கினார். இரண்டு ஊருக்கும் நடுவே நேர்கோட்டில் அளந்தால் ஐம்பது கிலோமீட்டர்கூட வராது. இருவரும் இந்திய அணிக்குப் போன வழிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் மட்டும் இரண்டு தனித்தனி தேசங்களின் கதை போல இருக்கிறது.

வேகப்பந்து வீசுவது உடம்பை அடகு வைத்துச் செய்யும் தொழில். அந்தத் தொழிலுக்கு ஒருவர் எந்த வயதில் வருகிறார், அவரை யார் கண்டெடுக்கிறார்கள், எந்தப் படியில் சம்பளம் கைக்கு வருகிறது, உடம்பு முறிந்தால் அவருக்காகக் காத்திருப்பவர் யார், எத்தனை ஆண்டுகளில் எல்லாம் முடிகிறது? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விகளை யாரும் முழுசாக எடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை. சுழற்பந்து வீச்சாளர்களின் ஊர் என்று நாம் பெயர் வாங்கிவிட்டதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலம் மாவட்டத்தில் வேகமான கைகளுக்குப் பஞ்சமே இல்லை. பதினான்கு வயதுக்கும் இருபது வயதுக்கும் நடுவில் ஏறிப் போகப் படிகள்தான் இல்லை. அந்த ஆறு ஆண்டுகளை ஒரு பையன் எப்படிக் கடந்தான் என்பது, பின்னால் அவன் எப்படி வீசுவான், எங்கே முறிவான் என்ற இரண்டையும் தீர்மானிக்கிறது.

படி என்று நான் சொல்வதை விளக்க அமெரிக்க பேஸ்பால் நல்ல உதாரணம். அங்கே ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் நம் ஊர்த் தொடக்க வேகப்பந்து வீச்சாளருக்கு நெருங்கிய உறவு. அவர் சுமார் நூறு பந்து வீசிவிட்டு நான்கைந்து நாள் ஓய்வெடுப்பார். மீண்டும் அவர் முறை வரும். பள்ளியிலோ கல்லூரியிலோ வீசும் பையன்களை ஆண்டுதோறும் அணிகள் தேர்ந்தெடுக்கின்றன. தேர்வானவர் நேராகப் பெரிய மைதானத்துக்குப் போவதில்லை. ரூக்கி லீக், சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று ஒவ்வொன்றாக ஏற வேண்டும். இந்தப் படிகளிலேயே நின்றுபோகிறவர்கள்தான் பெரும்பாலோர். சம்பளமும் நெடுங்காலம் கேவலமாக இருந்தது. 2023 மார்ச்சில்தான் இந்தக் கீழ்நிலை ஆட்டக்காரர்கள் சங்கம் வழியாக முதல் ஒப்பந்தம் போட்டு, டிரிபிள்-ஏ வீரருக்கு ஆண்டுக்கு 35,800 டாலர் என்ற நிலைக்கு வந்தார்கள். உச்சிக்குப் போய்விட்டால் குறைந்தபட்சச் சம்பளமே ஏழு லட்சம் டாலருக்கு மேல். வித்தியாசம் மலைக்க வைக்கிறது. என்றாலும் கீழ்ப்படியில் நிற்பவருக்கும் ஒரு பயிற்சியாளர், ஒரு மருத்துவர், வீசிய பந்துகளைக் குறித்துவைக்க ஓர் ஆள் உண்டு.

இந்தியாவிலிருந்து அந்தப் படிக்கட்டில் கால் வைத்தவர்களும் இருக்கிறார்கள். 2008இல் ஜே. பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க முகவர் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற பெயரில் இந்தியா முழுக்க ஒரு போட்டி நடத்தினார். ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் வந்து பந்தெறிந்தார்கள். முன்னால் வந்தவர்கள் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல். இருவரும் ஈட்டி எறிபவர்கள். பேஸ்பாலை அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. அமெரிக்காவில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதம் கற்று, அந்த ஆண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். 2014இல் ஏ. ஆர். ரஹ்மான் இசையோடு படமும் வந்தது. படம் முடிகிற இடத்துக்குப் பின்னால்தான் உண்மையான தொழில் தொடங்குகிறது. தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சிங்கிள்-ஏ வரை ஏறினார். முழங்கையில் அறுவை சிகிச்சை, அடுத்தடுத்துக் காயங்கள். மேலே போக முடியவில்லை. 2018இல் தொழில்முறை மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். இருபது வயதை ஒட்டி முதல்முறையாக அந்தப் பந்தைத் தொட்டவருக்கு, பத்து வயது முதல் வீசி வந்தவர்களோடு ஓடிப் பிடிக்கக் கால அவகாசம் போதவில்லை. அந்த அணி அவரைப் பல ஆண்டுகள் வைத்திருந்து, காயத்துக்கு வைத்தியம் பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ரோஜர் பின்னியும் பள்ளி நாட்களில் ஈட்டி எறிதலில் பெயர் வாங்கியவர். ஈட்டி எறிகிற கைக்கும் வேகப்பந்து வீசுகிற கைக்கும் உள்ள உறவை உடற்பயிற்சி ஆசிரியர்கள் நன்றாகவே அறிவார்கள்: தோளின் திறப்பு, முன்காலை ஊன்றி இடுப்பைத் திருப்புவது, கடைசியில் மணிக்கட்டு. மலைமேல் இருக்கும் உறைவிடப் பள்ளி ஒரு பையனுக்குக் கொடுக்கும் பெரிய சொத்து இதுதான். ஒரே ஆட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் ஹாக்கி, கால்பந்து, தடகளம் என்று எல்லாவற்றிலும் உடம்பைப் பழக்கலாம். தட்டையான மைதானம் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். அதே ஏற்காட்டில் பள்ளிச் சுவருக்கு வெளியே இருக்கும் மலைக்கிராமத்துப் பையனின் நிலையை எண்ணிப் பாருங்கள். காபித் தோட்டமும் சரிவுமாக இருக்கும் ஊரில் 22 கெஜம் பிட்சும், அதற்குப் பின்னால் ஓடிவர இன்னொரு இருபது கெஜமும் சமமாகக் கிடைப்பதே அபூர்வம். மட்டை பிடிக்கச் சின்ன இடம் போதும். வேகமாக வீச நீளமான இடம் வேண்டும். மலைவாழ் மக்களிடமிருந்து ஒரு வேகப்பந்து வீச்சாளர் வரவில்லை என்றால் திறமை இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

பின்னியின் தொழில்வாழ்க்கை எடுத்துக்கொண்ட வடிவமும் கவனிக்க வேண்டியது. 1977-78இல் கேரளத்துக்கு எதிராகக் கர்நாடகத்தின் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, சஞ்சய் தேசாயோடு பிரியாமல் 451 ரன் சேர்த்தவர் அவர். 1979இல் 24 வயதில் டெஸ்ட் அணிக்கு வந்தார். இந்திய அணியில் அவருடைய நிஜமான வேலை பந்தை ஸ்விங் செய்வதாக மாறியது. 1986இல் லீட்ஸில் முதல் இன்னிங்ஸில் 5 விக்கெட், அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராக 6 விக்கெட். மொத்தம் 27 டெஸ்ட், 72 ஒருநாள் ஆட்டம். அவர் எக்ஸ்பிரஸ் வேகக்காரர் அல்ல. ஆனாலும் பள்ளி, மாநில அணி, நாட்டு அணி என்று ஒவ்வொரு படியும் அவர் காலடியில் உரிய வயதில் இருந்தது. பின்னாளில் இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவராகவும் ஆனார்.

பழைய மெட்ராஸில் படி வேறு மாதிரி இருந்தது. அது ஒரு வேலை. எம். ஜே. கோபாலனை சி. பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர் கண்டெடுத்தார். பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற கட்டம் வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு டெஸ்டிலும் ஆடக் கிடைக்கவில்லை. ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. அவருக்குப் பின் வந்த சி. ஆர். ரங்காச்சாரி காவல் துறையில் வேலை பார்த்தவர். 1948இல் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளின் ஐந்து பேரை வீழ்த்தினார். மொத்தம் நான்கு டெஸ்டோடு அவர் கணக்கு முடிந்தது. இவர்களுக்கு ஆட்டம் வருமானம் தரவில்லை, உத்தியோகம் தந்தது. காயம்பட்டாலும் மாதச் சம்பளம் நிற்காது. சென்னை டிவிஷன் லீக்கை நெடுங்காலம் தாங்கி நின்றது இந்தக் கம்பெனி வேலைதான்.

பிறகு 1987. சென்னையில் எம்ஆர்எஃப் பேஸ் பவுண்டேஷன் தொடங்கியது. டென்னிஸ் லில்லி வந்தார். இரண்டே டெஸ்ட் ஆடிய டி. ஏ. சேகர், தலைமைப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் அங்கே உழைத்தார். ஸ்ரீநாத், ஜாகீர் கான், முனாஃப் படேல் என்று நாடு முழுவதிலுமிருந்து வந்தவர்கள் சேத்துப்பட்டில் ஓடிப் பழகி இந்தியாவுக்கு ஆடினார்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே இப்படி ஒரு பட்டறை இருந்தும், தமிழ்நாட்டிலிருந்து போன வேகக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சேப்பாக்கத்து ஆடுகளம், வெயில், சுழலை நம்பியே கட்டப்பட்ட அணிகள் என்று காரணங்கள் சொல்வார்கள். அவற்றோடு நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். பட்டறை சென்னையில் இருந்தது. கைகள் எடப்பாடியிலும் வாழப்பாடியிலும் தம்மம்பட்டியிலும் இருந்தன. அவை ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

அந்தக் கைகள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தன? டென்னிஸ் பந்து வீசிக்கொண்டிருந்தன. சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஓர் ஊரில் டோர்னமென்ட் இருக்கும். நுழைவுக் கட்டணம், பரிசுத்தொகை, ஒலிபெருக்கியில் வர்ணனை. இதைச் சிலர் விளையாட்டுப் பிள்ளைத்தனம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அது ஒரு பள்ளிக்கூடம். தனக்கென்று பாடத்திட்டம் உள்ள பள்ளிக்கூடம். டென்னிஸ் பந்தின் எடை 58 கிராம் வாக்கில். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். பேஸ்பால் 142 முதல் 149. டென்னிஸ் பந்தில் தையல் இல்லை, அதனால் சீம் இல்லை. தரையில் பட்டால் துள்ளி மட்டைக்கு வசதியாக எழும்பும். ஊர் மைதானத்தில் எல்லைக்கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆறு ஓவர், எட்டு ஓவர் ஆட்டத்தில் முதல் பந்திலிருந்தே எல்லோரும் சுற்றுவார்கள். இதில் தப்பிக்கப் பந்து வீசுபவனுக்கு ஒரே இடம்தான் உண்டு: மட்டையாளனின் கால் கட்டைவிரல். யார்க்கரை யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை. யார்க்கர் வராதவன் அடுத்த வாரம் அணியில் இருக்க மாட்டான், அவ்வளவுதான்.

நடராஜன் இருபது வயது வரை இந்தப் பள்ளியில்தான் படித்தார். அப்பா விசைத்தறிக் கூடத்தில் கூலி வேலை பார்த்தவர். அம்மா சாலையோரத்தில் கடை போட்டவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் நடராஜன். அதே ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ், தானும் கிரிக்கெட் ஆடியவர், பையனின் கையைப் பார்த்து சென்னைக்குக் கூட்டிப் போனார். நான்காவது டிவிஷனில் பிஎஸ்என்எல் அணி. பிறகு விஜய் கிரிக்கெட் கிளப். பிறகு முதல் டிவிஷனில் ஜாலி ரோவர்ஸ். அது மேட்டூரில் ஆலை வைத்திருக்கும் கெம்பிளாஸ்ட் சன்மார் குழுமத்தின் அணி. சேலம் மாவட்டத்தில் ஆலை இருக்கிற கம்பெனியின் அணிக்கு ஆட, சேலம் மாவட்டத்துப் பையன் சென்னை போய் மூன்று படி ஏற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஓர் அணி இந்த வேலைக்கென்று முழு நேர ஆட்களை ஊர் ஊராக அனுப்புகிறது. இங்கே ஜெயப்பிரகாஷ் என்ற ஒரு மனிதர் தன் சொந்த அக்கறையில் அதைச் செய்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளை நடராஜன் தன் சட்டையில் 'ஜேபி நட்டு' என்று அச்சிட்டுக்கொண்டதில் நன்றிக்கு மேல் ஒரு நியாயம் இருக்கிறது. ஜெயப்பிரகாஷ் இல்லாத ஊர்களில் இருந்த நடராஜன்களின் பெயர் நமக்குத் தெரியவே தெரியாது.

2015 ஜனவரியில் ஈடன் கார்டனில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி அறிமுகம். உடனேயே அடி விழுந்தது. பந்து வீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று நடுவர்கள் புகார் எழுதினார்கள். விதி தெளிவானது: கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்தை விடும் வரை முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக் கூடாது. பேஸ்பால் பிட்சருக்கு இந்தத் தடையே இல்லை. கையை மடக்கிச் சொடுக்குவதில்தான் அவர் வேகமே இருக்கிறது. 58 கிராம் பந்தை வேகமாக அனுப்பப் பழகிய கையும் இயல்பாகவே சொடுக்கைத் தேடும் என்பது என் ஊகம். பதினான்கு வயதில் ஒரு பயிற்சியாளர் பார்த்திருந்தால் ஒரு மாதத்தில் திருத்தியிருக்கலாம். இருபத்து மூன்று வயதில், ரஞ்சியில் கால் வைத்த மறுநாள், எலும்பிலும் தசையிலும் ஊறிப்போன பழக்கத்தை உடைத்துக் கட்ட வேண்டியிருந்தது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தில் சுனில் சுப்ரமணியம், டி. வாசு, எம். வெங்கட்ரமணா ஆகியோர் கூட நின்றார்கள். சங்கம் அவரைக் கைவிடவில்லை; இதை மறக்காமல் பதிவு செய்ய வேண்டும். ஆனால் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய காலம் கையைத் திருத்துவதில் போனது.

2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) தொடங்கியது அவர் நல்ல நேரம். திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக, தூத்துக்குடிக்கு எதிரான சூப்பர் ஓவரில் ஆறு பந்தும் யார்க்கர். எடப்பாடிப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைகள் அன்று தொலைக்காட்சியில் வந்தன. அடுத்த ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்கு பஞ்சாப் அணி எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். 2018இல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு சீசன் உட்கார வைத்தது. 2020இல் அமீரகத்தில் 16 விக்கெட். அபுதாபியில் ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த அந்த யார்க்கர். அடுத்து நெட் பவுலராக ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார். வருண் சக்கரவர்த்தியின் தோள் காயத்தால் டி20 அணியில் இடம் வந்தது. டிசம்பர் 2 கான்பெராவில் ஒருநாள் அறிமுகம், 4ஆம் தேதி அதே மைதானத்தில் டி20 அறிமுகம், 3 விக்கெட். உமேஷ் யாதவ் காயத்தில் விலக டெஸ்ட் அணிக்குள்ளும் வந்தார். ஷமி, உமேஷ், பும்ரா எல்லோரும் முறிந்து கிடந்த காபா டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் சதமடித்த லபுஷேன், வேட், ஹேசல்வுட் மூவரும் அவர் கணக்கு. ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். சின்னப்பம்பட்டியில் ரதத்தில் வைத்து ஊர்வலம் விட்டார்கள்.

அந்த ஊர்வலத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அதன்பின் நடந்ததைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. 2021 மார்ச் 28 அன்று புணேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ரன் காக்க வேண்டியிருந்தது. எதிரே 90 ரன்னைத் தாண்டி நின்ற சாம் கரன். நடராஜன் காத்துக் கொடுத்தார். இந்தியா 7 ரன்னில் வென்றது. ஏப்ரலில் முழங்கால் அறுவை சிகிச்சை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி20. இந்தியாவுக்கான அவர் கணக்கு அங்கேயே நின்றுவிட்டது. நான்கே மாதத்துக்குள் தொடங்கி முடிந்த சர்வதேச வாழ்க்கை.

பந்தை எறிகிற தொழில் எல்லாவற்றிலும் இந்த முறிவு உண்டு. பிட்சருக்கு முழங்கையின் உள்பக்கத் தசைநார் போகும். நம் வேகக்காரருக்குக் கீழ்முதுகும் முழங்காலும் கணுக்காலும் போகும். ஓடிவந்து முன்காலை ஊன்றும் கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி மேலே ஏறுகிறது. லட்சுமிபதி பாலாஜி நினைவிருக்கிறதா? 2004இல் பாகிஸ்தானில் சிரித்துக்கொண்டே விக்கெட் எடுத்தவர். முதுகெலும்பில் அழுத்த முறிவு. மீண்டும் கட்டி எழுப்பிய வீச்சோடு, 2008இல் சென்னை சூப்பர் கிங்ஸுக்காக ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக் எடுத்தார். இந்தியாவுக்கு ஒருநாள், டி20 ஆட்டங்களில் திரும்பினார். டெஸ்ட் மட்டும் எட்டோடு நின்றது. அமெரிக்காவில் டாமி ஜான் என்ற பிட்சருக்கு 1974இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் முழங்கைத் தசைநாரை மாற்றிவைத்தார். ஓராண்டு முழுக்க வீசாமல் இருந்து, 1976இல் திரும்பி, 1989 வரை ஆடினார். அவர் பெற்ற 288 வெற்றிகளில் 164 அந்தச் சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. மருத்துவரின் கைத்திறன் ஒரு பாதி. காத்திருக்க ஓர் அணி இருந்தது மறுபாதி. நடராஜனுக்கு பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமி இருந்தது, ஐபிஎல் அணி இருந்தது. அவர் திரும்பி வரவும் செய்தார்: 2022இல் 11 ஆட்டத்தில் 18 விக்கெட், 2024இல் 19. 2025 ஏலத்தில் டெல்லி 10.75 கோடிக்கு எடுத்தது. அவர் அளவுக்கு அதிர்ஷ்டம் இல்லாத மாவட்ட அணிப் பையனுக்கு முழங்கால் போனால் சொந்தச் செலவில் ஸ்கேன் எடுத்து, விசைத்தறிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

திரும்பி வந்த நடராஜன் வேறொரு வேலைக்காரர். நாளெல்லாம் வீசும் டெஸ்ட் பணியை விட்டு, நான்கு ஓவரில் கடைசி இரண்டைக் காப்பவராக நிலைபெற்றார். பேஸ்பாலில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. டென்னிஸ் எக்கர்ஸ்லி பன்னிரண்டு ஆண்டு தொடக்கப் பிட்சராக இருந்து, 1987இல் ஓக்லாண்டில் ஆட்டத்தை முடித்துவைப்பவராக மாறி, 1992இல் லீகின் சிறந்த வீரராகவே தேர்வானார். அங்கே அது தொழிலின் இரண்டாம் பாகம் என்று மதிக்கப்படுகிறது. நம் பேச்சில் மட்டும் டெஸ்ட் ஆடாதவர் பாதி ஆட்டக்காரர் என்ற தொனி இன்னும் போகவில்லை. முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய ஒருவரை, வெள்ளைச் சட்டை போடாததற்காகக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை கிடையாது. கணக்கையும் பார்க்க வேண்டும். 2021இல் உயர்த்திய பிறகு, இருபது ஆட்டத்துக்குள் ஆடிய ரஞ்சி வீரருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய். ஏழு லீக் ஆட்டம், ஒவ்வொன்றும் நான்கு நாள், எல்லாவற்றிலும் பதினொருவரில் இருந்தால் 11,20,000. வெளியே உட்கார்ந்தால் பாதி. ஐபிஎல்லில் மிகக் குறைந்த விலையே இப்போது 30 லட்சம். இரண்டு மாதம், ஆட்டத்துக்கு 24 பந்து. எந்தப் பையனும் எந்தப் பக்கம் போவான் என்று கேட்கவே வேண்டாம்.

நடராஜனுக்குப் பின் என்ன? அவரும் ஜெயப்பிரகாஷும் ஊரில் பயிற்சி தொடங்கினார்கள். அங்கிருந்து வந்த ஜி. பெரியசாமி, 2019 டிஎன்பிஎல்லில் சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸுக்கு 21 விக்கெட் எடுத்துத் தொடரின் சிறந்த வீரரானார். இறுதி ஆட்டத்தில் 15 ரன்னுக்கு 5 விக்கெட். ஒரே கிராமத்திலிருந்து இரண்டாவது கை. இந்தியச் சீருடை அவருக்கு வாய்க்கவில்லை. ஆனாலும் நடராஜன் ஒரு விபத்து என்ற எண்ணத்தை அந்த ஒரு மாதமே உடைத்துப் போட்டது. 2023 ஜூனில் நடராஜன் சொந்த ஊரில் அமைத்த மைதானத்தை தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். அதற்கு முன்பே, 2020 பிப்ரவரியில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குத் தென்கிழக்கே வாழப்பாடியில் சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் வந்துவிட்டது. ராகுல் டிராவிட் திறப்பு விழாவுக்கு வந்திருந்தார். 2022 முதல் அங்கே டிஎன்பிஎல் ஆட்டங்கள் நடக்கின்றன. தோல் பந்தும் டர்ஃப் பிட்சும் இப்போது மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. இது பெரிய மாற்றம்.

சென்னை லீக்கின் இழுப்பு மட்டும் குறையவில்லை. ஹரியானாவின் அம்பாலாவிலிருந்து பதினேழு வயதில் சென்னை வந்த குர்ஜப்னீத் சிங், நெடிய இடதுகை வேகக்காரர், டிவிஷன் ஆட்டங்களில் வளர்ந்து 2024இல் தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடினார். சௌராஷ்டிரத்தின் ஆறு பேரை ஒரே இன்னிங்ஸில் வீழ்த்தினார். சென்னை சூப்பர் கிங்ஸ் 2.2 கோடி கொடுத்தது. அம்பாலாவிலிருந்து வந்தவருக்கு வழிவிட்ட லீக் நல்ல லீக்தான். அதே லீக்குக்கு எடப்பாடிப் பையனும் ஊரைவிட்டு, அறை எடுத்து, சாப்பாட்டுக்கு வழி பார்த்துத்தான் போக வேண்டியிருக்கிறது. முதல் டிவிஷன் அணி நடத்தும் கம்பெனிகளில் நான்கு, மேற்கு மாவட்டங்களில் பதினாறு வயதுக்குட்பட்டோர் அணியை ஆளுக்கொன்றாக ஏற்றால், அந்த நடுப்படி கிடைத்துவிடும்.

அதைவிட அவசரமானது ஒரு நோட்டுப் புத்தகம். அமெரிக்காவில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் வீசக் கூடாது. 66ஐ எட்டினாலே நான்கு நாள் ஓய்வு என்று 2014 முதல் வழிகாட்டுதல் இருக்கிறது. இங்கிலாந்தில் சிறுவர்களுக்கு வயதுவாரியாக ஓவர் வரம்பு உண்டு. நம் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்டில் ஊரின் வேகமான பையன் காலையில் ஓர் ஆட்டம், மதியம் ஓர் ஆட்டம், இறுதிக்குப் போனால் மாலையில் இன்னொன்று வீசுகிறான். கட்டாந்தரையில், சில நேரம் வெறுங்காலில். மறுநாள் பள்ளி அணிக்கும் அவன்தான். எத்தனை பந்து வீசினான் என்று யாரும் எண்ணுவதில்லை. பயிற்சி மையங்களும், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களும், டோர்னமென்ட் நடத்தும் ஊர் மன்றங்களும் அந்தப் பையனின் பெயரும் வயதும் எழுதி, வாரத்தில் வீசிய பந்துகளைக் குறித்து வரலாம். ஒரு பையன் மூன்று அணிக்கு வீசுகிறான் என்றால் மூன்று கணக்கும் ஒரே பக்கத்தில் வர வேண்டும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி சேலத்திலேயே இருக்கிறது. வளரும் வீச்சாளர்களின் முதுகையும் முழங்காலையும் சீசனுக்கு ஒருமுறை அங்கே பரிசோதிக்க மாவட்டச் சங்கம் ஏற்பாடு கேட்டால் அது நடக்கக்கூடிய காரியம். அடுத்த சீசனுக்கு முன் அந்தக் கோரிக்கை எழுத்தில் போக வேண்டும்.